தாய் மாமன் ரத்தம்

என் ஆசை நைனா,

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான் உன்னைப் பார்க்க வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அங்கே மண், வாடின பூ, புகை, தோளோடு தோள் உரசுகிற கூட்டம். பிரின்சிக்கு இதில் எதுவும் ஆகாது. அவளோடு ராப்பகலாக இருக்கிற நானும் அங்கெல்லாம் போய்வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேவியர்தான் தனியாக வந்து உனக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனான். சிலுவையின் ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டான் என்று கேள்வி. உன் பிள்ளை எந்த வேலையை முழுசாகச் செய்திருக்கிறான்?

இறந்தோரை நினைக்கிற நவம்பர் மாதம் என்று, போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி நம் கோயிலின் பங்குப் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். ஊரே படிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். படிக்கட்டும். நம் குப்பத்தில் சில பேர் கட்டாயம் படிக்க வேண்டும். அம்மா உன் பக்கத்தில்தானே இருக்கிறாள், அவளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

பிரின்சியை நீ பார்த்ததில்லை. எனக்கும் ஆரோக்கியத்துக்கும் ஒரே பெண். நீ போன பிறகு பிறந்தவள். மூக்கு உன் மூக்கு, வாய் என் வாய். காலேஜில் பி.காம். முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

தவக்காலத்தில்தான் ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே நீலமாக ஒரு கன்றல். பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்றாள். அப்புறம் தோளில் ஒன்று. பல் தேய்த்தால் ரத்தம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் காலையில் கொலுசு மாட்டக் காலை நீட்டியபோது பார்த்தேன், கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். கொசு கடித்தது என்றாள். கொசுக்கடி எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ளிகளை நான் ஏற்கெனவே ஒரு காலில் பார்த்திருக்கிறேன், நைனா. உன் காலில்.

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, உடனே ஏற்ற வேண்டும் என்றார்கள். சேவியர் கடலிலிருந்து வந்தவன் படகைக்கூடச் சரியாக இழுத்துப் போடாமல், ஈரக் கைலியோடு வந்து நின்றான்.

"எவன் ரத்தத்தையோ இன்னாத்துக்கு ஏத்தணும்? தாய் மாமன் நான் கல்லு மாதிரி கீறேன். எனக்கும் ஓ பாசிட்டிவ், பாப்பாவுக்கும் ஓ பாசிட்டிவ். எட்த்துக்கோ."

உங்கள் ரத்தத்தை பேங்கில் எடுத்துக்கொள்கிறோம், பதிலுக்கு வேறு பாக்கெட் தருகிறோம் என்றார்கள். அதுதான் அங்கே வழக்கமாம். உன் பிள்ளை விடுவானா? "நான் குட்த்ததத்தான் அவளுக்கு ஏத்தணும். மாத்துனீங்க, நடக்கறதே வேற" என்று அங்கேயே ஒரு ரகளை. கடைசியில் அவன் பாக்கெட்டையே, சோதித்துப் பார்த்துவிட்டு, ஏற்றினார்கள். அது மேலே தொங்குவதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். 'தாய் மாமன் ரத்தம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். குப்பமே அதைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்தியது. நான் மட்டும் என்ன? எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நம் ஜனத்துக்கு இது புதுசா? நீ பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது சித்தப்பா, பெரியப்பா, மாமன், மச்சான் என்று படகுக்கு ஆள் இல்லாமல் எல்லோரும் வந்து வரிசையில் நிற்கவில்லையா? வெளி ஆள் ரத்தம் வேண்டாம் என்று நீயே கையை ஆட்டினாய். கல்யாணத்துக்கு மாமன் முதல் மாலை போடுகிற மாதிரி, ரத்தத்துக்கும் மாமன்தான் முதல். அது மரியாதை. அதில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்றுதான் யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

ஏற்றின ரத்தம் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அடையாறு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்த டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர், நிதானமாகப் பேசுவார். நோயின் பெயர் ஏப்லாஸ்டிக் அனீமியா என்றார்.

"ரத்தம் எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையிலதாம்மா ஊறும். உங்க பொண்ணுக்கு அந்த ஊத்து வத்திப்போச்சு. கிருமியை அடிக்கறதுக்குன்னு உடம்புல ஒரு காவல் இருக்கு இல்லையா? அந்தக் காவல், இவளோட மஜ்ஜையையே எதிரின்னு நினைச்சு அடிக்குது."

எனக்குப் புரிந்தது. குப்பத்து முனையில் காவலுக்கு நிற்கிற பையன்கள் அந்நிய ஆளை மடக்குவதை விட்டுவிட்டு, நம் வீட்டுக் கதவையே உடைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

எங்கள் அப்பாவுக்கும் இதே மாதிரி புள்ளிகள் வந்தன, இதே மாதிரி வெளுத்தார் என்று உன்னைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். ரிப்போர்ட் எதுவும் கையில் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதுவாக இருந்திருக்கலாம் என்றார். குடித்தால் இது வருமா என்று கேட்டேன். இந்த மாதிரி நோய் குடியால் வருவதில்லை என்றார்.

கேட்டாயா நைனா? குடித்துக் குடித்தே ரத்தம் சுண்டிப்போய்ச் செத்தான் என்று உன்னைப் பற்றி இத்தனை வருஷமாகப் பேசினார்களே. பொங்கலுக்கும் புதுவருஷத்துக்கும் குடிக்கிற மனுஷன் நீ. அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள், கேட்டுக்கொண்டே செத்தும் போனாள். பேசினவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும்.

அதற்கு அடுத்து டாக்டர் கேட்டது அந்தக் கேள்வியை.

"சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிரின்சி பிறந்ததிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும், இந்தக் கேள்வி உண்டு. ஆமாம் என்றால் உடனே உதட்டைப் பிதுக்குவார்கள். மாமன் மகன் ஆரோக்கியத்தை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டேன். கோயிலில் சொந்தத்துக்குள் கல்யாணம் மந்திரிக்க ஆயரின் அனுமதி வேண்டும் என்று நீதான் அலையாய் அலைந்தாய். சாமியாருக்கு வஞ்சிரம்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் மீனை வாங்கிக்கொண்டு, அனுமதி ஆயரிடமிருந்துதான் வரணும் என்றார்.

"ஆமா, மாமன் பையனைத்தான் கட்டினேன். அதுக்கு இன்னா இப்போ? அதனாலதான் வந்துச்சுன்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டேன். என் குரல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் சிரித்தார். "இல்லம்மா. சொந்தத்துல கட்டினா வர வேற சில ரத்த நோய் இருக்கு. அதுவான்னு டெஸ்ட் பண்ணியாச்சு, இல்ல. இப்ப கேக்கறது வேற விஷயத்துக்கு. பிரின்சிக்குக் கூடப்பிறந்தவங்க இல்ல. மஜ்ஜை மாத்தணும்னா மேட்ச் ஆகற ஆள் வேணும். சொந்தத்துல கட்டின குடும்பத்துல, அப்பா அம்மாவோ மாமாவோகூட மேட்ச் ஆக வாய்ப்பு கொஞ்சம் அதிகம்."

கத்தினதுக்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அது அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

மேட்ச் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தி. நகரில் மேட்சிங் கடையில் இத்தனை வருஷமாக ரவிக்கைத் துணி வெட்டுகிறவள் நான். புடவையைக் கொண்டுவந்து பச்சை ரவிக்கை வேண்டும் என்பார்கள். டியூப் லைட்டில் இரண்டு பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்தால் ஒன்றில் நீலம் தட்டும். ரத்த வகை ஒன்றாக இருப்பது டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிவது மாதிரிதான். எச்.எல்.ஏ. என்று ஒன்று இருக்கிறதாம். நம் ஒவ்வொரு செல்லின் மேலும் ஒட்டியிருக்கிற அடையாளம். காவல்காரன் இதைப் பார்த்துத்தான் இது நம் ஆள், இது வேற்றாள் என்று முடிவு பண்ணுகிறான். அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி. அந்த இரண்டு பாதியும் பொருந்தினால்தான் ஒருத்தர் மஜ்ஜை இன்னொருத்தருக்கு ஆகும்.

இன்னொன்றும் சொன்னார். இந்த அடையாளத்தில் சில வகை உள்ளவர்களுக்கு இந்த நோய் வருவது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாம். பிரின்சிக்கு இருப்பது அப்படி ஒரு வகை. ஆனால் அதே வகையோடு பிறந்த பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை, கிழமாகிச் சாகிறார்கள். அப்படியானால் என் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிளம்பும்போது, "இனிமே சொந்தக்காரங்க யாரும் இவளுக்கு ரத்தம் கொடுக்கவே கூடாது" என்றார். கூட வந்திருந்த சேவியர் எகிறினான். "இன்னா டாக்டர் பேசறீங்க? போன வாட்டியே நான்தான் குட்த்தேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். சொந்தக்காரர் ரத்தம் உள்ளே போனால், அவர்களுடைய அடையாளத்தை உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். பிறகு அதே ஆளின் மஜ்ஜை வரும்போது, இது அன்றைக்கு வந்த வேற்றாள்தானே என்று விரட்டி அடித்துவிடுமாம். வெளியாள் ரத்தத்தால் அந்தப் பயம் இல்லை, அவர்களிடம் நாம் மஜ்ஜை வாங்கப் போவதில்லை. "பரவாயில்ல, ஒரு தடவைதானே. நீங்களே மேட்ச் ஆனாதான் யோசிக்கணும்" என்று அவனைத் தேற்றி அனுப்பினார்.

எனக்கு மேட்ச் இல்லை. ஆரோக்கியத்துக்கும் இல்லை. சேவியருக்கு முழுசாக மேட்ச்.

எப்படி என்று டாக்டர் கட்டமும் வட்டமும் போட்டுக் காட்டினார். உன்னிடமிருந்து ஒரு பாதி எனக்கும் வந்தது, சேவியருக்கும் வந்தது. என் வழியாக அது பிரின்சிக்குப் போனது. இன்னொரு பாதி அம்மா வீட்டுச் சொத்து. அம்மாவோடு பிறந்த என் மாமனார் வழியாக ஆரோக்கியத்துக்கு வந்து, அவர் வழியாகப் பிரின்சிக்கு; அம்மா வழியாகச் சேவியருக்கு. நீயும் அம்மாவும் கொடுத்த இரண்டும் அவனிடம் ஒன்றாக இருந்தன. யாருமே கிடைக்காமல் எத்தனையோ பேர் காத்துக் கிடக்கிற இடத்தில் எங்களுக்கு ஆள் கிடைத்தான். அவனோ முன்கூட்டியே தன் ரத்தத்தைக் கொடுத்துவைத்த ஆள்.

"முழுசா மேட்ச் ஆகுதே, அப்புறம் எப்படி விரட்டும்?" என்று கேட்டேன். டெஸ்டில் தெரியாத சின்னச் சின்ன அடையாளங்களும் இருக்கின்றன, உடம்புக்கு மட்டும் தெரியும் என்றார். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா என்றேன். வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

அன்றைக்குச் சேவியரைக் காணோம். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் யாருடைய பைக் மேலோ உட்கார்ந்திருந்தான். போனில் அந்தப் பழைய போட்டோவை அழித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என் கையால நானே அவளுக்கு வெஷத்த ஏத்திட்டேன் க்கா. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் சண்ட போட்டேன். கம்னு இருந்திருந்தா இப்ப அவளுக்கு ஒண்ணும் இல்ல. இவன் எதுக்குடா பொறந்தான்னு கீது எனக்கு."

திட்டத்தான் போனேன், நைனா. உள்ளுக்குள் அவ்வளவு ஆத்திரம். ஸ்டேட்டஸ் வைத்த கையை ஒடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "டேய், தெரிஞ்சா செஞ்ச? எந்திரி. நீ இப்டி உக்காந்துக்கினு இருந்தா உன் மஜ்ஜை தானா நடந்து வருமா?" என்றேன்.

எழுந்தவன், நடந்துகொண்டே மெதுவாகக் கேட்டான். "நைனாகிட்ட இருந்து வந்தது எனக்கும் கீதுன்னா, எனக்கும் அந்த மாதிரி வருமா?" அவனைத் திரும்ப உள்ளே கூட்டிப்போனேன். டாக்டரிடமே கேட்டோம். வரலாம் என்று பயந்து வாழத் தேவையில்லை, உங்கள் மஜ்ஜை நன்றாக இருக்கிறது என்றார். "அப்ப பாப்பாவுக்கு எட்த்துக்கோங்க" என்றான்.

அதுவரைக்கும் அவளை உயிரோடு வைத்திருந்தது யார் தெரியுமா? வடபழனியிலிருந்து ஒரு ஆட்டோக்காரர். அசோக் நகரில் வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண். மயிலாப்பூர் மாமி ஒருத்தர், பிளேட்லெட் என்கிற தட்டணு கொடுக்க வந்து, அது முடிகிற வரைக்கும் படுத்தபடியே ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்ததும் என் கையைப் பிடித்து, "எங்காத்துல நான் மட்டும்தான் ஊசிக்குப் பயப்படாதவ. மறுபடி வேணும்னா கூச்சப்படாம கூப்பிடுங்கோ" என்றார். நம்மிடம் மீன் வாங்காத வீடுகள். அவர்கள் ரத்தம் என் பெண்ணுக்குள் ஓடியது.

அதே வேளையில் அவளுடைய சொந்தத் தாய் மாமன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மஜ்ஜை மாற்றுவது என்றால் பெரிய ஆபரேஷன் என்று நினைத்திருந்தேன். பிரின்சிக்குக் கத்தியே இல்லை. முதலில் மருந்து கொடுத்து அவளுடைய பழைய காவலை அடக்கினார்கள். சேவியர் ரத்தம் ஏற்கெனவே போயிருந்ததால் அந்த மருந்து இன்னும் கொஞ்சம் கடுமை. முடி கொட்டியது, வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவே அழுதாள். அப்புறம் ஒரு நாள் சேவியரைப் படுக்க வைத்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்து, ஒரு பையில் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். பார்க்க ரத்தம் மாதிரியேதான் இருந்தது. அவள் அறையிலிருந்தே அவனுக்கு வீடியோ கால் போட்டாள்.

"மாமா, இன்னா இன்னிக்கு ஸ்டேட்டஸ் போடலியா?"

"தே, கம்னு படும்மா. குறுக்கு ஒடியுது எனக்கு."

அப்புறம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை நான் எழுதப் போவதில்லை. தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், தினமும் ஒன்றும் இல்லை என்பார்கள். சாந்தோம் கோயில் பக்கம் போகவே இல்லை நான். மாதாவிடம் கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். சேவியர் கடலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையிலேயே கிடந்தான்.

ஒரு காலை டாக்டரே வெளியே வந்தார். "வெள்ளை அணு ஏற ஆரம்பிச்சிருக்கும்மா." கொஞ்ச நாள் கழித்து இன்னொரு டெஸ்ட் எடுத்துவிட்டுச் சொன்னார், அவள் ரத்தத்தில் இப்போது இருப்பதெல்லாம் மாமாவுடைய அணுக்கள் என்று. அவள் உடம்பு அவனை விரட்டவில்லை. நான் அந்த டாக்டரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் சட்டையில் என் கண்மை எல்லாம் ஒட்டிக்கொண்டது.

ஆபத்து முழுசாகத் தாண்டியதாகச் சொல்ல மாட்டேன். மாத்திரைகள் மலையாக இருக்கின்றன. லேசாகக் காய்ச்சல் என்றாலும் ஓட வேண்டும். வந்த காவல் இந்த வீட்டோடு ஒத்துப்போக வேண்டுமாம், அதற்கு நாளாகும். குழந்தைக்குப் போட்ட தடுப்பூசி எல்லாம் முதலிலிருந்து மறுபடியும் போட வேண்டுமாம். ஆனால் கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது, நைனா. என்னோடு சண்டை போடுகிறாள். நேற்று ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினாள். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

உனக்கு இந்த வைத்தியம் அன்றைக்குக் கிடைத்திருக்குமா? உன் வயதுக்கு ஒத்து வந்திருக்குமா? உனக்கு வந்தது உன்னிடம் இருந்த அந்தப் பாதியாலா? யாரும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நீ எங்கள் இரண்டு பேருக்கும் விட்டுப்போன அந்தப் பாதி இல்லையென்றால் இன்றைக்குப் பிரின்சி இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நம் லூர்து அக்காவின் மருமகள் திடீரென்று வெளுத்துப்போய் மயங்கி விழுந்திருக்கிறாள். ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் அண்ணன் தம்பி, மாமன் எல்லோரும் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். சேவியர் வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். நகர மாட்டேன் என்கிறான்.

"உன் அக்கா பொண்ணுக்கு நீ குட்த்துட்டு, எங்கள மட்டும் தட்த்துக்கினு நிக்கிறியா?" என்று அவள் தம்பி சட்டையைப் பிடித்திருக்கிறான்.

"ஆமாடா, நான் குட்த்தேன். குட்த்துட்டு அவ பொழைப்பாளா மாட்டாளான்னு செத்துக்கினு இருந்தேன். எல்லாரும் வாங்க, எல்லாரும் குடுங்க. ஆனா இன்னா நோவுன்னு தெரியற வரைக்கும் அவளுக்குன்னு குடுக்காதீங்க. வேற யாருக்குனா போட்டும். வேற எவனாவது குட்த்தது அவளுக்கு வரும்."

அடி விழுந்திருக்கும். விழவில்லை. அவன் அழுதுகொண்டே சொன்னானாம். கடைசியில் அவனும் அதே ஆட்டோவில் ஏறி, எல்லோரையும் ரத்த வங்கிக்குக் கூட்டிப்போய், யாருக்கோ என்று கொடுக்க வைத்திருக்கிறான். இவன் ரத்தத்தை மட்டும், மஜ்ஜை கொடுத்தவர் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று எடுக்கவில்லை. அந்த மருமகளுக்கு வெறும் சோகையாகவே இருக்கட்டும். இரும்பு மாத்திரையோடு போகட்டும்.

நைனா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் கரையில் யாருக்கு ரத்தம் வேண்டும் என்று கேட்டாலும், நம் ஜனம் கையை நீட்டுவதற்கு முன்னால் நானும் சேவியரும் போய் வாசலில் நிற்போம். ஏசுவார்கள், சாபம் விடுவார்கள், சொந்த ரத்தத்தையே தடுக்கிற பாவி என்பார்கள். நிற்போம். பாசத்தோடு ஓடி வருகிறவனைப் பிடித்து நிறுத்த, அப்படி ஓடி வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பேர் போதும்.

உன் மகள்,
சேவியருக்கு அக்கா, பிரின்சிக்கு அம்மா,
செல்வி